பதினேழு டிகிரி

நிலவியல் துறையில் சேரும் பிள்ளைகள் ஏன் பாதியில் போய்விடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். தலைவி நான். கூட்டத்தில் ஆளாளுக்கு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது துறைத்தலைவர், "நம்ம மேடம்தான் சரி. அவங்களே அப்படிப்பட்ட வீட்ல இருந்து வந்து ஜெயிச்சவங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார். என் அப்பா செங்கல் சூளையில் மண் மிதித்தவர். அந்தச் சூளையைத் துறை இருபது வருடமாகத் தன் விளம்பரப் புத்தகத்தில் அச்சடித்து வருகிறது. எனக்கும் அதில் பெருமைதான், மறைப்பானேன்.

நான்கு வருடத்தில் பத்தொன்பது பேர் போயிருந்தார்கள். அதில் பதினான்கு பேர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். 'வெளியேறிய காரணம்' என்ற கட்டத்தில் பதினோரு பேருக்குக் 'குடும்பச் சூழ்நிலை' என்றிருந்தது. பெரும்பாலும் என் கையெழுத்து. யாரையும் கேட்டு எழுதியதில்லை. கட்டம் காலியாக இருந்தால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் எழுதியது. குடும்பச் சூழ்நிலை என்றால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

பட்டியலில் ஏழாவதாக இருந்தவளை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் அவளைப் பற்றி எனக்கு அப்போது குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. அவள் தப்பு செய்தாள், நான் கண்டித்தேன், அவள் போய்விட்டாள். அவ்வளவுதான் என்று இருந்தேன்.

அந்த வாரமே என் மூக்கு உடைந்தது. முதல் வருடப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய்த் திசைகாட்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் புதுத் திசைகாட்டியை ஒரு சக ஆசிரியர் எடுத்துப் போயிருந்ததால் மேசை இழுப்பறையில் கிடந்த பழையதை எடுத்து வந்திருந்தேன். எதிரே தண்ணீர்த் தொட்டி. "எல்லாரும் அதைக் குறி வச்சுப் படிங்க. என்ன வருது?" என்றேன். முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தைந்து என்றார்கள். என்னுடையது ஐம்பத்திரண்டு என்றது.

"மேடம், உங்களோடது தப்பா காட்டுது" என்றது ஒரு பெண்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பி, பக்கவாட்டில் இருக்கும் சின்னத் திருகாணியைப் பார்த்தேன். பார்த்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். காந்த ஊசி காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஊருக்கு ஊர் மாறும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் அந்தத் திருகாணி. புது இடத்துக்குப் போனால் முதல் வேலையாக அதைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். முதல் வருடப் பாடத்தில் மூன்றாவது பக்கம். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வுக்காக ஆறு மாதம் வேறொரு நாட்டில் இருந்தேன். அங்கே பதினெட்டு டிகிரி. இங்கே ஒன்று. திரும்பி வந்ததும் புதுக் கருவி வாங்கிவிட்டதால் பழையதைத் தொடவே இல்லை. அது இன்னமும் அந்த நாட்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு பதினேழு டிகிரி கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பழைய திசைகாட்டியை இடையில் ஒரே ஒரு தடவைதான் வெளியே கொடுத்திருந்தேன். ஏழாவது பெயருக்குச் சொந்தக்காரிக்கு.

அவளைத் துறையில் எல்லோரும் 'கொத்தனார்' என்றுதான் கூப்பிட்டார்கள். களப்பயிற்சிக்குச் சுத்தியல் கொண்டு வரச் சொன்னபோது மற்றவர்கள் கூர்மூக்கு வைத்த பாறைச் சுத்தியலோடு வர, அவள் தன் அண்ணனின் கொத்துவேலைச் சுத்தியலோடு வந்தாள். அண்ணன் கொத்தனார், அம்மா அதே கட்டடங்களில் கலவை சுமப்பவர். "வாங்க கொத்தனாரே, எத்தனை மாடி கட்டப் போறீங்க?" என்று முதலில் கேட்டது நான். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். செல்லமாகத்தானே சொன்னேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவள் அந்தச் சுத்தியலால் மற்ற எல்லோரையும் விடச் சுத்தமாக மாதிரி உடைத்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திசைகாட்டி வாங்க முடியாதவர்களுக்குத் துறை அலமாரியில் நான்கு உண்டு. அந்த வருடம் நான்கும் போய்விட்டன. அவள் வெறுங்கையோடு நின்றாள். என் வீட்டிலிருந்து பழையதைக் கொண்டு வந்து கொடுத்தேன். "இது என்னோடது. பத்திரம்" என்றேன். கர்ணப் பிரபு மாதிரி அன்று எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி.

பயிற்சி ஐந்து நாள். பாறை அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்து களக்குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதற்கு நான் போட்ட சட்டம் ஒன்று உண்டு. எழுதியதை அழிக்கக் கூடாது. கருவி என்ன காட்டியதோ அதைத்தான் எழுத வேண்டும், பிறகு மனதுக்குத் தோன்றியபடி மாற்றக் கூடாது. திருத்தம் ஏதாவது இருந்தால் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுத் தனியாக எழுது. என் மாணவர்கள் ரப்பர் கொண்டு வந்தால் பிடுங்கி எறிந்துவிடுவேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லோரும் பேருந்தில் ஏறிவிட்டோம், அவள் மட்டும் வரவில்லை. நாற்பது நிமிடம். ஓட்டுநர் முணுமுணுக்க ஆரம்பித்தார். ஒருவழியாக மூச்சிரைக்க ஓடி வந்தாள், கையில் இரண்டு திசைகாட்டி. எனக்குத் தலைக்கேறிவிட்டது. குறிப்பேட்டை வாங்கி மூன்று இடத்து அளவுகளை என் வரைபடத்தோடு ஒத்துப் பார்த்தேன். நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தேழு. அறுபத்தைந்துக்கு எண்பத்திரண்டு. நூற்றுப் பன்னிரண்டுக்கு நூற்று இருபத்தொன்பது.

"எந்த மரத்தடியில உக்காந்து எழுதினே?" என்றேன்.

"இல்ல மேடம், காம்பஸ் வந்து..."

"கருவி மேல பழி போடாதே. நான் வருஷக்கணக்கா பிடிச்ச காம்பஸ் அது."

"மேடம், கடைசிப் பக்கத்துல..."

"கடைசிப் பக்கம் வரைக்கும் புளுகி வச்சிருக்கியா?"

பேருந்தே சிரித்தது. எனக்கு இந்த மாதிரி சட்டென்று வாயில் வந்துவிடும். வகுப்பில் இதற்காகவே என்னைப் பிடிக்கும் என்பார்கள். அவள் சிரிக்கவில்லை. போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். 'அளவுகள் புனையப்பட்டவை' என்று பயிற்சி அறிக்கையில் எழுதினேன். களப்பயிற்சியில் தேறாதவர்கள் மூன்றாம் வருடம் போக முடியாது.

அதோடு விட்டேனா? அவள் அம்மாவைத் துறைக்கு வரச் சொன்னேன். வேலை நடுவில் ஓடி வந்திருந்தார், கையில் சிமெண்டு காய்ந்து வெள்ளையாக இருந்தது. உங்கள் பெண் பொய்யாக எழுதியிருக்கிறாள் என்று சொன்னேன். அவர் மகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டீச்சரம்மா, மன்னிச்சிடுங்க. நான் கண்டிக்கிறேன். படிப்ப மட்டும் நிறுத்திடாதீங்க" என்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் பெரிய மனது பண்ணி, "சரி சரி, அடுத்த வருஷம் மறுபடி பயிற்சிக்கு வரட்டும்" என்றேன். அவள் அடுத்த வாரத்திலிருந்து வரவே இல்லை.

மைதானத்திலிருந்து திரும்பியதும் நேராகக் கிடங்குக்குப் போனேன். பழைய குறிப்பேடுகள் வருடவாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். அவளுடையதை உருவி எடுத்து, தரையிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு அளவிலிருந்தும் பதினேழைக் கழித்தேன். மொத்தம் நாற்பத்தொரு இடம். முப்பத்தெட்டு அப்படியே என் வரைபடத்தில் போய் உட்கார்ந்தன. மற்ற மூன்றில் வந்தது யார் அளந்தாலும் வரக்கூடிய பிசகு. சாய்வு அளவுகளைத் திருகாணி ஒன்றும் செய்யாது, அவை நாற்பத்தொன்றும் முதலிலிருந்தே சரி. மரத்தடியில் உட்கார்ந்து புளுகுகிறவளுக்கு எல்லாச் சாய்வும் எப்படிச் சரியாக வரும்? திசை எல்லாம் எப்படி ஒரே பதினேழால் பிசகும்? இரண்டாம் வகுப்புக் கழித்தல் கணக்கு. மூன்று இடம் பார்த்தேனே, மூன்றிலும் அதே பதினேழு. நான் கழித்துப் பார்க்கவில்லை.

பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். மூன்றாம் நாள் தேதி போட்டு, குட்டிக் குட்டி எழுத்தில் எழுதியிருந்தாள்: 'இந்தத் திசைகாட்டி பதினேழு டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. சந்தேகம் வந்ததால் தோழியின் கருவியை வாங்கி இன்றைய முதல் ஐந்து இடங்களுக்கும் திரும்பப் போய் அளந்து பார்த்தேன். எல்லா அளவுகளிலும் பதினேழு கழிக்கவும். விதிப்படி எதையும் அழிக்கவில்லை.'

நாற்பது நிமிடம் தாமதமானது அதற்காகத்தான். என் சட்டத்தை என்னைவிட அவள் மதித்திருக்கிறாள். கிடங்குத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுதது அவளுக்காகவா, கையும் களவுமாக மாட்டிக்கொண்ட எனக்காகவா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

இவ்வளவுக்குப் பிறகு நல்ல மனுஷி என்ன செய்வாள்? நேரே துறைத்தலைவரிடம் போய்ச் சொல்வாள். நான் போகவில்லை. அவர் இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார், அடுத்தது நான் என்று பேச்சு. எங்கள் குழுவே ஒரு சலுகைத் திட்டம் கொண்டு வந்திருந்தது. குடும்பச் சூழ்நிலையால் விட்டுப் போனவர்கள் இரண்டு வருடத்துக்குள் திரும்பி வந்தால் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்வோம், களப்பயிற்சியையும் மறுபடி செய்யலாம். அவளுக்குக் கெடு அந்த மாதக் கடைசி. ஒன்பது நாள் இருந்தது. படிவத்தை நானே நிரப்பினேன். அவளுக்குப் படிப்பும் கிடைத்துவிடும், என் தலையும் தப்பிவிடும்.

என் கணவர் பல் மருத்துவர். விஷயத்தைச் சொல்லிப் படிவத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "உள்ள சொத்தைய அப்படியே விட்டுட்டு மேல வெள்ளை அடிச்சிருக்கே" என்றார்.

"அவளுக்கு நல்லதுதானே நடக்குது?"

"நடக்குது. ஆனா இதுல அவ வீட்டு மேலதானே பழி போட்டிருக்கே. நீ எங்க இருக்கே இதுல?"

"எனக்குத் தெரியாதா? நீங்க பல்லை மட்டும் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். சரியாகச் சொன்னவர்கள் மீதுதான் எனக்கு அதிகமாகக் கோபம் வரும்.

மறுநாள் அவள் வேலை பார்க்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு போனேன். சமையல் மேடைக்கும் தரைக்கும் கல் விற்கும் கடை. பலகை பலகையாகக் கற்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன, விளிம்பில் சாயத்தால் எண் எழுதி. உள்ளே ஒரு தம்பதிக்கு அவள் கல் காட்டிக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு வெள்ளைக் கல் பிடித்திருந்தது. அவள் பாதி எலுமிச்சையை எடுத்து ஒரு துண்டுக் கல்லில் தேய்த்து, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்துக் காட்டினாள். மினுமினுப்புப் போய் அந்த இடம் மங்கியிருந்தது. "பாத்தீங்களா? இது சுண்ணாம்புக் கல்லோட வகை, புளிப்பு ஆகாது. சமையல் மேடைக்கு வேண்டாம். அந்தச் சாம்பல் கலர் கல்லு பாருங்க, அதை எதுவும் பண்ண முடியாது" என்றாள். முதலாளி அவளைப் பெயர் சொல்லி அழைத்து, அடுத்த ஆளைக் கவனிக்கச் சொன்னார். அங்கே எல்லோருமே அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

அடுத்த ஆள் நான்.

"வாங்க மேடம். வீடு கட்டுறீங்களா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

பின்பக்கம் கல் அறுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. உட்கார்ந்தோம். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. திருகாணி, பதினேழு, முப்பத்தெட்டு, கடைசிப் பக்கம் என்று முன்னும் பின்னுமாக உளறிக் கொட்டினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்புறமாவது வந்து எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். சொன்ன பிறகுதான் அதன் அசிங்கம் எனக்கே தெரிந்தது.

"சொன்னேன் மேடம். எழுதியும் வச்சேன். வேற எப்படிச் சொல்றது?"

பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். "கையெழுத்துப் போட்டா போதும். இந்த வருஷமே சேந்துடலாம்."

அவள் அதை வரிவரியாக, தலைப்பிலிருந்து படித்தாள். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே படித்தாள். ஓர் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"எங்க வீட்ல என்ன மேடம் சூழ்நிலை?"

"அது சும்மா ஒரு வார்த்தைம்மா. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுறது."

"எங்கண்ணன் வேலைய முடிச்சிட்டு வந்து ராத்திரி எனக்குப் படம் வரைய பலகை செஞ்சு குடுத்தான். எங்கம்மா என்னை ஒரு நாள்கூடப் பாத்திரம் தேய்க்க விட்டதில்ல. அவங்களாலயா நான் வெளிய வந்தேன்? அவங்க பேரை ஏன் இதுல இழுக்கறீங்க?"

உள்ளே கல் அறுக்கும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

"எனக்குப் படிக்கணும். அதுல சந்தேகமே இல்ல. இங்க வர்ற ஒவ்வொரு கல்லும் எங்கேருந்து வந்திருக்கும்னுதான் யோசிச்சிட்டு இருக்கேன். ஆனா புளுகினவளை மன்னிச்சுச் சேத்துக்கிட்டாங்கன்னு வர மாட்டேன். நான் புளுகினேன்னு அறிக்கையில இருக்கற அந்த வரிய அடிங்க, வரேன். இல்லேன்னா இந்த மாசம் முடிஞ்சா முடியட்டும்."

"அதை நான் மட்டும் அடிக்க முடியாது. துறைக் குழுவுக்குக் கடிதம் எழுதணும். கோப்புல நிரந்தரமா இருக்கும்."

"என்னோடதும் நிரந்தரமாத்தானே இருக்கு மேடம்?"

முதலாளியிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி வந்து என் முன் வைத்தாள். அங்கேயே எழுதினேன். 'மேற்படி மாணவியின் அளவுகளை மதிப்பிட்டதில் தவறு நேர்ந்துவிட்டது' என்று தொடங்கினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அது தானா நேரல மேடம்."

அடித்துவிட்டு, 'நான் தவறு செய்தேன்' என்று எழுதினேன். இருபது வருடத்தில் ஆயிரம் பக்கம் எழுதியிருப்பேன், இந்த மூன்று வார்த்தைக்கு வேர்த்துவிட்டது. திசைகாட்டி என்னுடையது, திருகாணியைச் சரிசெய்யாதது நான், கடைசிப் பக்கத்தைப் படிக்காதது நான் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டேன். படித்துவிட்டுத் தலையாட்டினாள்.

"இன்னொண்ணு மேடம். எங்கம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்லிப் பாத்துட்டேன்."

கடிதத்தை அன்று சாயங்காலமே துறைத்தலைவர் மேசையில் வைத்தேன். "இவ்வளவு விளக்கமா எழுதணுமா? சுருக்கமா, பட்டும் படாம..." என்று இழுத்தார். வேண்டாம் என்றேன். துறைக் குழு கூடி அறிக்கையில் அந்த வரியையும் படிவத்தில் 'குடும்பச் சூழ்நிலை'யையும் நீக்கியது. தலைவர் பதவியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் என் காது படப் பேசவில்லை. அது கிடைக்காது என்பது எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொன்னால் மறுபடியும் புளுகு.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு அவள் சேர வந்தாள். பெற்றோர் கையெழுத்துக்காக அம்மாவும் கூட வந்தார். அன்று வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தார் போல, கை சுத்தமாக இருந்தது. அறைக்குள் வந்ததும் பழையபடி கைகூப்பினார். நான் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார மாட்டேன் என்றார். கட்டாயப்படுத்தி உட்கார வைத்தேன். மகள் கதவோரம் நின்றுகொண்டாள்.

சொன்னேன். ஊசி, வடக்கு, திருகாணி என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலத் தொடங்கினேன். அவர் குறுக்கிட்டார்.

"அதெல்லாம் எனக்கு விளங்காது டீச்சரம்மா. எம் பொண்ணு பொய் எழுதினாளா, இல்லையா?"

"எழுதல. நான்தான் தப்பு. உங்களைக் கூப்பிட்டு வச்சு நான்தான் தப்பாச் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் திட்டினால் நன்றாக இருக்குமே என்று நான் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, கதவோரம் நின்ற மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு இங்கேருந்து வீட்டுக்குப் போய் இவளை அடிச்சேன்" என்றார். "பொறந்ததிலிருந்து இவ மேல கை வச்சதில்ல. நான் செய்யலம்மா, நான் செய்யலம்மான்னு கத்துனா. நான் விடல. அந்த டீச்சரம்மா நம்ம மாதிரி வீட்ல இருந்து போனவங்க, அவங்க நம்ம புள்ளைகளைப் பத்தி ஏன் தப்பாச் சொல்லப் போறாங்கன்னு சொல்லிச் சொல்லி அடிச்சேன்."